விசில்காரன் இரண்டாம் பாகமும் வெளியே வந்தவர்களும்

ஜூன் 4, வியாழன்

நாளை ‘விசில்காரன்’ இரண்டாம் பாகம் வருகிறது. அருப்புக்கோட்டையில் நம் தியேட்டருக்குத்தான் கிடைத்திருக்கிறது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது டிக்கெட் கவுண்டர் அமலோற்பவம். படம் ஆரம்பித்து அரை மணியில் கவுண்டரை மூடிவிட்டு, என் கேன்டீன் பெஞ்சில் வந்து உட்காருவார். நான் வாய்க்கு வந்தபடி சொன்னாலும் பத்திரிகையில் வருகிற மாதிரி ஒழுங்குபடுத்தி எழுதுகிறார்.

“ஏண்ணே, எழுவத்து மூணு வயசுல திடீர்னு என்ன டைரி?” என்றார்.

இந்த ஒரு படத்துக்கு மட்டும் என்றேன். படத்தை வெட்டி ஒட்டியது என் மகள் பேச்சியம்மாள். முதல் பாகத்திலேயே அவள்தான் எடிட்டர். என் தாயின் பெயரை வைத்ததால் அவளை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் படம் எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் படுக்கிறது என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டும். தலைக்குள் இருப்பதைச் சொன்னால் சென்னையில் யார் நம்புவார்கள்? தாளில் இருக்கட்டும்.

நாற்பத்தாறு வருடமாக இந்தக் கேன்டீனில் நிற்கிறேன். ஒரு படத்தையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. படம் ஓடும் நேரத்தில்தானே இடைவேளைக்குப் போண்டா போட வேண்டும். ஆனால் ஹாலுக்கும் கேன்டீனுக்கும் நடுவே ஒரு கதவுதான். வசனம், பாட்டு, சண்டை எல்லாம் அதன் வழியே வந்துவிடும். எந்த வசனத்தில் யார் எழுந்து வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பேன். சிகரெட்டுக்கு வருகிறவனைச் சேர்ப்பதில்லை, அவன் எந்தப் படத்திலும் வருவான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வந்தால் படத்தில் ஒரு ஓட்டை. பிள்ளை தானாகவே ஓடி வந்தால் பெரிய ஓட்டை. கல்யாணமான புது ஜோடி எழுந்து வந்தால் அந்தப் படம் திங்கட்கிழமை தாண்டாது.

முதல் பாகம் நாலு வருடம் முன்பு இங்கே ஐம்பத்தாறு காட்சி ஓடியது. டவுன்பஸ் கண்டக்டர் ஒருத்தன். அவன் விசில் ஊதினால் ஓடுவது, பறப்பது, விழுவது எல்லாம் நின்றுவிடும். எதுவரை? அவன் மூச்சு இருக்கும்வரை. இருபது எண்ணுவதற்குள் மூச்சு அறுந்துவிடும், நின்றதெல்லாம் மறுபடி ஓடும். அவன் மூச்சைப் பிடித்தால் ஹாலில் அறுநூறு பேரும் பிடிப்பார்கள். மூச்சு விடும் சத்தம் கதவைத் தள்ளிக்கொண்டு என் பாய்லர் வரைக்கும் வரும்.

ஜூன் 5, வெள்ளி

காலைக் காட்சி நிறைந்தது. கடைசி அரை மணியில் சின்னக் குழப்பம். ஆபரேட்டர் ஷாஜகான் சரிசெய்துவிட்டார். உளுந்து சரியாக ஊறவில்லை.

ஜூன் 6, சனி

நேற்று நாலு காட்சி, இன்று மூன்று. ஏழு காட்சியிலும் ஒரே மாதிரிதான்.

நல்லதை முதலில் சொல்கிறேன். வில்லன். அவனுக்கு சத்தநாதன் என்று பெயர். ஊரெல்லாம் குழாய் ஒலிபெருக்கி கட்டி, விசில் சத்தம் யார் காதிலும் விழாதபடி அடிக்கிறவன். விசில்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி வாய்க்காது. அவன் சிரிப்பு கேட்டதும் இங்கே பாதி டீயை வைத்துவிட்டு உள்ளே ஓடுகிறார்கள். ஏழு காட்சியில் பதினெட்டு கிளாஸ் அப்படியே கிடந்தது. இரண்டாவது நல்லது, டிரைவர் அண்ணாச்சியாக வருகிற பாத்திரம். அவர் வாயைத் திறந்தாலே சிரிப்பு.

இனி ஓட்டைகள். பாங்காக் பாட்டு. முதல் வரி முடிவதற்குள் கதவு படபடவென்று அடிக்கிறது. நேற்று மாலைக் காட்சியில் நாற்பத்து மூன்று பேர். அடுத்தது, உலக வீரர்கள் மாநாடு. ஏழு நாட்டு வீரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மூன்றாம் பாகத்தில் யார் யாரோடு சண்டை போடுவார்கள் என்று பேசுகிறார்கள். இன்று மதியக் காட்சியில் அறுபத்தொரு பேர். புது ஜோடி இரண்டு. ஒருத்தர் என்னிடம் வந்து, “பெருசு, உள்ள என்னமோ கிராம சபைக் கூட்டம் நடக்குது, ஒரு டீ போடு” என்றார்.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை அந்தச் சட்டை. விஞ்ஞானி ஒருவர் விசில்காரனுக்குக் காற்று அடைத்த சட்டை ஒன்று கொடுக்கிறார். அதைப் போட்டுக்கொண்டால் மூச்சு முட்டவே முட்டாது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஊதலாம். அவனுக்கே முட்டாதபோது நமக்கு ஏன் முட்ட வேண்டும்? முதல் பாகத்தில் சண்டைக்கு வெளியே வந்தவன் ஒருத்தனும் கிடையாது. இந்தப் பாகத்தில் சண்டை நடக்கும்போது கடலை மிட்டாயைப் பொறுக்கி எடுத்து விலை கேட்கிறார்கள்.

சாயங்காலம் பேச்சி போன் போட்டாள்.

“பேச்சு சரியில்லப்பா. படம் இழுவைங்கிறாய்ங்க. அடுத்த வெள்ளிக்குள்ள பதினெட்டு நிமிசம் வெட்டணும்னு ப்ரொட்யூசர் சொல்லிட்டாரு.”

“வெட்டு ஆத்தா. நான் இடம் சொல்றேன்.”

“இடத்த அவரே சொல்லிட்டாரு. மொத வெட்டு அம்மா சீனுக்குத்தான்.”

“எந்த அம்மா சீனு?”

“ஆஸ்பத்திரில அம்மா சாகப் போற சீனு. விசில ஊதி எல்லாத்தையும் நிப்பாட்டுவான். சத்தமே இருக்காது. அந்த சீன்ல ஒரு தியேட்டர்ல ஜனம் கத்திக் கூப்பாடு போட்ட வீடியோ ஊரெல்லாம் சுத்துது. நானா டைரக்டர்கிட்ட சண்ட போட்டு வச்ச சீனுப்பா அது. அது போச்சுன்னா இந்தப் படத்துல என்னோடதுன்னு ஒண்ணும் இல்ல.”

“எந்த ஊருத் தியேட்டராம்?”

“தெரியல. இருட்டா இருக்கு” என்றாள்.

பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

இன்று அமலோற்பவம் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“வெள்ளிக்கிழம சின்னக் குழப்பம்னு ஒண்ண எழுதச் சொன்னீங்களே. அது என்னன்னு சொன்னாத்தான் மேற்கொண்டு எழுதுவேன். பொய் டைரிக்கு நான் கையெழுத்துத் தரமாட்டேன்.”

சரி. சொல்கிறேன்.

வெள்ளி காலைக் காட்சி. போண்டா எண்ணெயில் கிடக்கிறது. உள்ளே ஆஸ்பத்திரி, மெஷின் டிக் டிக் என்கிறது. திடீரென்று சத்தம் அடியோடு நின்றது. ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. நாற்பத்தாறு வருடத்தில் எத்தனையோ தடவை இப்படி நின்றிருக்கிறது. ஸ்பீக்கர் வயர் எரிந்துபோகும், இல்லை ஆபரேட்டர் தூங்கிவிடுவார். அப்போதெல்லாம் முதலில் ஓடுகிறவன் நான்தான், ஏனென்றால் முதலில் கேட்கிறவன் நான்தான். அன்றைக்கும் ஓடினேன். சல்லிக்கரண்டியோடு கதவைத் தள்ளி, “சவுண்டு போச்சு! ஏய் சாஜகான், படத்த நிப்பாட்டுய்யா!” என்று கத்தினேன். என்னைக் கேட்டு முன்வரிசை விசிலடித்தது. பால்கனி ‘ஓ’வென்றது. ஷாஜகான் பதறிப்போய் படத்தை நிறுத்தினார். விளக்கைப் போட்டார்.

எவனோ ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். நான் பார்த்தேன்.

ஷாஜகான் கீழே இறங்கி வந்து, “யோவ் சோலையப்பண்ணே, அது படத்துலயே அப்படித்தான்யா. அவன் விசிலடிச்சதுல சவுண்டும் சேந்து நின்னுபோச்சுய்யா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி போட்டபோது ஜனம் சிரித்துக்கொண்டிருந்தது.

கண்ணை மூடிக்கொண்டே படத்துக்கு ஜாதகம் சொல்வான் சோலையப்பன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. என் மகள் செய்த வேலை மட்டும் என் காதுக்குக் கரண்டு போன மாதிரி இருந்திருக்கிறது.

அமலோற்பவம் எழுதி முடித்து, “போய்ப் பாருங்கண்ணே. அடுப்ப நான் பாத்துக்கிறேன்” என்றார்.

மதியக் காட்சியில் அந்த இடம் வரும்போது உள்ளே போய்க் கதவோரம் நின்றேன். விசில்காரன் காற்றுச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறான். டாக்டர் தலையை ஆட்டுகிறார். அவன் பாக்கெட்டிலிருந்து பழைய கண்டக்டர் விசிலை எடுத்து ஊதுகிறான். சொட்டு மருந்து பாதியில் நிற்கிறது. நர்சின் கை நிற்கிறது. ஜன்னல் திரை காற்றில் எழும்பிய இடத்திலேயே நிற்கிறது. அவன் ஒருத்தன்தான் அசைகிறான். கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான், அவ்வளவுதான். ஊதுவதை நிறுத்தினால் அந்தச் சொட்டு விழும். முதல் பாகத்தில் இருபதுக்கு மேல் தாங்காதவன். நான் எண்ணினேன். தொண்ணூற்றிரண்டு வரைக்கும் பிடித்தான். முகம் கறுக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. ஹாலில் ஒருத்தரும் அசையவில்லை. பிறகு சொட்டு விழுந்தது.

அந்த சீன் முடிகிறவரை கதவு திறக்கவில்லை. கைப்பிள்ளைகள்கூட வெளியே வரவில்லை.

அந்த அம்மா வலது காதுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி குத்தியிருந்தார். சீனியம்மாள் அப்படித்தான் குத்துவாள். என் சம்சாரம். நாலு வருடம் முன்பு தவறியபோது பேச்சி வந்து சேர ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. சென்னையிலிருந்து வண்டி சரியாகக் கிடைக்கவில்லை.

மாலைக் காட்சியிலும் பார்த்தேன். யாரும் வெளியே வரவில்லை.

அமலோற்பவம், மேலே வண்டி கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா. வண்டி கிடைத்தது. நான் போன் போட்டதுதான் விடிந்த பிறகு. முதல் பாகத்தை முடித்துக் கொடுக்கிற நேரம், பிள்ளையைக் கலைக்கக் கூடாது, காலையில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூன் 8, திங்கள்

காலையில் நானே போன் போட்டேன்.

“ஆத்தா, அந்த வீடியோவுல கத்துறது...”

“நீங்கதான்.”

“தெரியுமா?”

“பொறந்ததுலருந்து அந்தக் குரல்லதானப்பா எந்திரிச்சுப் பள்ளிக்கூடம் போனேன். மொத தடவ கேட்டப்பவே தெரியும்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“என்னத்தச் சொல்ல? உலகத்துலயே மொத ஆளா ஒரு அப்பன் மக சீன நிப்பாட்டிட்டான்னா?” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. “சீன் பாத்தீங்களா?”

“ரெண்டு தடவ.”

“எப்படி இருந்துச்சு?”

“ஒருத்தனும் வெளிய வரல.”

“அதக் கேக்கலப்பா.”

போண்டா, டீ, ஆள் கணக்கு தவிர இத்தனை வருடம் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. “அன்னைக்கு ராத்திரியே ஒனக்குப் போனப் போட்டிருக்கணும்” என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு எடிட்டராகவே பேசினாள். “நாளைக்குப் பதினோரு மணிக்கு ப்ரொட்யூசர் ஆபீஸ்ல மீட்டிங். நான் போன மேசைல வப்பேன். கத்துனது நான்தான்னு நீங்களே சொல்லணும். மத்த கணக்கையும் சொல்லணும். பண்ணுவீங்களா? நாளைக்கு ஊரெல்லாம் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும் ஆத்தா. சிரிச்சா டீ குடிக்க வருவாய்ங்க.”

ஜூன் 9, செவ்வாய்

காலைக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. ஷாஜகான், அமலோற்பவம், நான் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். தயாரிப்பாளரின் குரல் வயிற்றிலிருந்து வந்தது.

“யாரம்மா இது? கேன்டீன்காரரா? டீ ஆத்துறவரு எனக்குப் படம் சொல்லித் தரப்போறாரா?”

“வணக்கமுங்க. ஒங்க வீடியோவுல கத்துனவன் நான்தான். சவுண்டு போச்சுன்னு நெனச்சுக் கத்திட்டேன். ஜனம் படத்தப் பாத்துக் கத்தல. என்னப் பாத்துத்தான் கத்துச்சு. தப்பு என்னோடது.”

அங்கே பத்துப் பேராவது சிரித்தார்கள். நான் பொறுத்துக்கொண்டேன்.

“இதச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?”

“இல்லங்க. அன்னைக்குலருந்து பதினஞ்சு காட்சி ஓடியிருக்கு. ஆஸ்பத்திரி சீன்ல மொத்தமா எத்தன பேரு வெளிய வந்தாய்ங்க தெரியுமா? ரெண்டு. ரெண்டும் சிகரெட்டு. உங்க மாநாட்டுல ஒரு காட்சிக்கே அறுவது பேரு வர்றாய்ங்க.”

சிரிப்பு நின்றது. மாநாடு அவர் ஆசைப்பட்டு வைத்ததாம். பேச்சி எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

“யோவ், சும்மா வாய்க்கு வந்தத அடிக்காத. சனிக்கிழம மதியக் காட்சில மாநாட்டுல மொதல்ல யாரு வெளிய வந்தா? சொல்லு பாப்போம்.”

“ஜப்பான் வீரன் எந்திரிச்சு ‘நண்பர்களே’ன்னான். அப்ப செகப்புச் சேலைக்காரம்மா ஒண்ணு, ரெண்டு பிள்ளைங்களோட. ஆளுக்கு ஒரு பொரி. அடுத்து ரஷ்யா வீரன் ‘ஒற்றுமை’ங்கிறப்ப நாலு காலேஜ் பயலுக. ‘இம்புட்டு ஒத்துமையா இருந்தா எவன்டா சண்ட போடுவான்’னு ஒருத்தன் கேட்டான். மூணாவதா ஒரு புது ஜோடி. அந்தப் பிள்ள மாதுளங்கா கலர் சேல. திரும்ப உள்ள போகவே இல்ல, வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாய்ங்க. மேற்கொண்டு சொல்லவா? இன்னும் அம்பத்தி ரெண்டு பேரு இருக்காய்ங்க.”

ஷாஜகான் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

தயாரிப்பாளர் கேட்டார், “அப்போ ஒம் மக சீன மட்டும் வச்சுக்கிட்டு எம்மாநாட்டத் தூக்கணும். அப்படித்தான?”

“எம் மகங்கிறதுக்காக இல்லங்க. நம்பலைன்னா ஒண்ணு பண்ணுங்க. ஊர் ஊரா தியேட்டர் மொதலாளியக் கேக்காதீங்க, அவுக ஒங்களுக்குப் பிடிச்சத்தான் சொல்லுவாக. கேன்டீன்காரங்களக் கேளுங்க. எந்த வசனத்துல டீ கேட்டு வர்றாய்ங்கன்னு மட்டும் கேளுங்க.”

“கேக்கிறேன்யா” என்றார். கோபமாகத்தான் சொன்னார். ‘யா’ மட்டும் கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

ஜூன் 10, புதன்

தகவல் இல்லை. தேன்மிட்டாய் இரண்டு பெட்டி வந்தது. ஷாஜகானிடம் நாலு தடவை என் போனில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லையாம்.

ஜூன் 11, வியாழன்

பேச்சி கூப்பிட்டாள். மூச்சு விடாமல் பேசினாள்.

பதினான்கு ஊர்க் கேன்டீன்களுக்குத் தயாரிப்பாளரே உட்கார்ந்து போன் போட்டிருக்கிறார். சேலத்துக் கேன்டீன்காரர் மாநாட்டுக்கு ‘டீ டைம்’ என்றே பெயர் வைத்திருக்கிறாராம். திருவாரூரில் மாநாடு ஆரம்பித்ததும் வடைச்சட்டியை ஏற்றிவிடுவார்களாம். கும்பகோணத்தில் ஒரு அம்மா, “ஆஸ்பத்திரி சீன்ல ஒரு ஈ காக்கா வராதுங்க, நானே அப்பத்தான் எட்டிப் பாக்குறேன்” என்றிருக்கிறார். பதினான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது.

மாநாடு போனது. பாங்காக் பாட்டு போனது. சட்டையைப் பற்றி விஞ்ஞானி அளக்கிற அளப்பு முழுக்கப் போனது. சட்டை இருக்கிறது, ஆனால் சண்டையில் பாதியில் காற்று தீர்ந்து அவன் தவிக்கிற மாதிரி பழைய ஷாட் சிலவற்றைக் குப்பையிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறாள். மூச்சு மறுபடி முட்டும்.

“அம்மா சீனு?”

“ஒரு பிரேம் கூடத் தொடலப்பா. மூணாம் பாகத்துக்கும் நாந்தான் எடிட்டர். ப்ரொட்யூசர் ஒங்களக் கேட்டாரு. டீக்கடப் பெருசு வாய் ஜாஸ்தின்னாரு.”

“அது என் ஆத்தா வழி வந்தது” என்றேன்.

ஜூன் 12, வெள்ளி

புதிய பிரதி மாலைக் காட்சியிலிருந்து. முக்கால்வாசி நிறைந்தது. சண்டைக்கு மூன்று பேர் மட்டும் வெளியே வந்தார்கள். மூச்சு விடும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு நானும் விட்டேன்.

ஜூன் 13, சனி

மதியமே ஹவுஸ்ஃபுல் போர்டைத் தொங்கவிட்டாகிவிட்டது. மாலைக் காட்சிக்குப் பால்கனிப் படிக்கட்டிலும் ஆள். இடைவேளைக்கு முன்னால் சத்தநாதன் சிரிப்பு ஒன்று வரும், அதற்கு ஹாலே எழுந்து ஊளையிட்டது. இடைவேளையில் போண்டா கால் மணியில் தீர்ந்தது. மணி அடித்ததும் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு டீ கேட்டு ஒருத்தரும் வரவில்லை. போட்ட டீ எல்லாம் ஆறிப்போய்க் கீழே ஊற்றினேன். நாற்பத்தாறு வருடத்தில் ஊற்றும்போது சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

படம் விட்டதும் பேச்சி போன் போட்டாள். கூட்டத்தின் இரைச்சலில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

“அம்மா சீன்ல எத்தன பேருப்பா வெளிய வந்தாய்ங்க?”

“ஒரு ஆளு.”

“ஒரு ஆளா? யாரு?”

“ஒரு கெழவன். சொட்டு விழுந்ததும் எந்திரிச்சு வந்து, மூஞ்சியக் கழுவிட்டு, திரும்ப உள்ள ஓடிட்டான்.”

“அந்தக் கெழவன் ஓசில நின்னு பாத்திருப்பான். கணக்குல வராது” என்றாள்.

அமலோற்பவம் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். “வரும்டி! என்கிட்டத்தான் டிக்கெட் வாங்கினாரு. எஃப் வரிசை, நடு சீட்டு. கதவோரமே வேணாம்னுட்டாரு.”

இரண்டு பேரும் போனில் சிரித்த சிரிப்பு வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் வரை கேட்டிருக்கும்.

நாளை ஞாயிறு. நாலு காட்சியும் நிறைந்துவிட்டது. போண்டா இடைவேளைக்கு மட்டும் போட்டால் போதும்.